பி.காம் ஜெனரலா, பி.பி.ஏ-வா, பி.காம் சி.ஏ-வா?

பையன் பி.காம் ஜெனரல் சேர்ந்திருக்கிறான் என்றால், "ஏன், வேறெதுவும் கிடைக்கலையா?" என்று கேட்க ஒரு சொந்தக்காரராவது இருப்பார். ஆனால் எதை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

ஜெனரலில் நிதிக் கணக்கியல், கம்பெனிக் கணக்கு, காஸ்டிங், வருமான வரி, ஆடிட்டிங், வணிகச் சட்டம் என்று மூன்று வருடமும் கணக்கைச் சுற்றியே வண்டி ஓடும். பி.பி.ஏ-வில் கணக்கு சில தாள்களோடு நின்றுவிடும். மேலாண்மை, மார்க்கெட்டிங், மனிதவளம்தான் அதிகம். டெபிட், கிரெடிட் என்றாலே அலர்ஜி, ஆனால் நாலு பேரிடம் நன்றாகப் பேசுவேன் என்பவருக்கு அது பொருந்தும். எம்.பி.ஏ-வுக்கு அதுதான் அஸ்திவாரம் என்று நம்பி மட்டும் சேர வேண்டாம். எந்தப் பட்டம் இருந்தாலும் எம்.பி.ஏ போகலாம், வங்கித் தேர்வும் அப்படியே. இன்னொன்று, 2024-25 முதல் பி.பி.ஏ-வும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ-யின் வரம்புக்குள் வந்துவிட்டது. கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பி.காம் சி.ஏ என்பது ஆடிட்டர் படிப்பு இல்லை, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். கம்ப்யூட்டர் தாள்கள் உள்ளே வரும்போது சில காமர்ஸ் தாள்கள் கழன்றுகொள்ளும். எவை என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆடிட்டிங்கோ வருமான வரியோ போயிருந்தால், என் கணக்கில் அது நஷ்டம்தான்.

ஆடிட்டர் ஆசை இருப்பவர்கள் மதிப்பெண்ணைக் கவனிக்க வேண்டும். காமர்ஸ் பட்டதாரி 55% எடுத்து, கணக்கியல், ஆடிட்டிங், வரி போன்ற பாடங்களில் மூன்று தாளாவது படித்திருந்தால், ஆடிட்டர் படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷனை எழுதாமலே, அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். மற்ற பட்டதாரிகளுக்கு 60% வேண்டும்.

சரி, வேலை எப்படி இருக்கும்? ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-2பி, அதாவது சப்ளையர்கள் ஜி.எஸ்.டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியல், வந்ததும் ஆடிட்டர் ஆபீஸ் பரபரக்கும். வாடிக்கையாளரின் கொள்முதல் பதிவேட்டைப் பில் பில்லாக அதோடு ஒப்பிட வேண்டும். சப்ளையர் ஏதாவது ஒரு பில்லை ஏற்றாமல் விட்டிருந்தால் அதற்கான உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை, கழித்துக்கொள்ள முடியாது. போன் போட்டு விரட்ட வேண்டும். 20-ம் தேதிக்குள் 3பி என்ற மாத ஜி.எஸ்.டி ரிட்டர்ன் தாக்கலாக வேண்டும். கணக்கு புரிந்தவருக்கே இது சீக்கிரம் பிடிபடும். உண்மையைச் சொன்னால், ஜெனரல் வகுப்பிலும் இந்தப் பழக்கம் கிடைக்காது.

ஆனால் சென்னையில் பல கல்லூரிகளில் ஜெனரல், அரசு உதவி பெறும் காலை ஷிஃப்டிலேயே இருக்கிறது. புதுப் படிப்புகள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான். கட்டணம் பல மடங்கு. காலை ஷிஃப்ட் கிடைத்தால் மதியம் ஏதாவது ஆடிட்டர் ஆபீஸில் உட்காரலாம். கொடுக்கிற பணம் பஸ்ஸுக்கும் டீக்குமே சரியாகப் போகும். அப்புறம் என்ன, மூன்றாம் வருடத்துக்குள் டாலி என்ற கணக்கு மென்பொருளும் ரிட்டர்னும் பழகிவிடும்.