பனி பார்க்க ஜனவரியா, ஏப்ரலா?

சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி இமயமலைக்கு டிரெக்கிங் கிளம்பும் சென்னை நண்பர்கள் என்னிடம் கேட்பது இதுதான். பெரும்பாலும் குளிரை வைத்தே முடிவு செய்கிறார்கள். பனிச்சரிவை வைத்து யோசியுங்கள் என்பேன்.

ஜனவரியில் ஆபத்து உள்ளே ஒளிந்திருக்கும். கடுங்குளிரில் அடிப்பனி அஸ்கா சர்க்கரை மாதிரி ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அள்ளினால் விரலிடுக்கில் பொலபொலவென்று உதிரும். அதன்மேல் காற்று புதுப்பனியைக் கொண்டுவந்து பலகைபோல இறுக்கி வைக்கும். ஒருவர் கால் வைத்தாலே பலகை மொத்தமும் உடைந்து சரியலாம். 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் இது அதிகம். ஒட்டாத அந்த அடிப்பனி அடுக்கு வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும் என்பதால், வெயிலடிக்கிறதே என்று நம்பிவிட முடியாது.

ஏப்ரலில் இரவு உறைந்த பனி காலையில் கெட்டியாக இருந்து, வெயில் ஏற ஏறக் கூழாகிச் சரியும். விடியுமுன் கிளம்பி நண்பகலுக்குள் கூடாரம் திரும்பினால் பெருமளவு தப்பலாம். இரவெல்லாம் மேகமூட்டமாகி பனி உறையாவிட்டால் காலையிலும் போகாதீர்கள்.

முதல்முறை போகிறவருக்கு நான் ஏப்ரலைத்தான் சொல்வேன். ஜனவரிதான் என்றால், சண்டிகரிலுள்ள டிஆர்டிஓ ஆய்வகம் தரும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். பெரும் பனிப்பொழிவுக்குப் பின் இரண்டு நாளாவது காத்திருங்கள். ரிட்டர்ன் டிக்கெட் போனால் போகட்டும். புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டியெடுக்க வேண்டும். அதற்கு ட்ரான்ஸீவர் (புதைந்தவர் இருக்குமிடத்தை சிக்னல் மூலம் காட்டும் கருவி), துழாவும் நீளக்குச்சி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும்.