ஹைட்ராலிக் பேஷண்ட் லிஃப்டர்: தூக்குபவரின் உடலுக்கு ஏற்றதா?

சென்னை நயினியப்ப நாயக்கன் தெருவிலுள்ள சர்ஜிக்கல் கடையொன்றில் எங்கள் வார்டுக்கு வாங்கிய, நோயாளியைத் துணியில் தொங்கவிட்டுத் தூக்கி மாற்றும், 150 கிலோ வரை தாங்கும் கைப்பம்பு லிஃப்டரை, படுத்திருக்கும் நோயாளியைவிட அதைத் தள்ளும் ஊழியரின் உடலை மனத்தில் வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன். எங்கள் ஆயாக்களில் பலர் ஐம்பதைக் கடந்தவர்கள். சிலருக்கு உடல் எடையும் அதிகம், மூட்டு வலியும் உண்டு.

வயது, உடல் எடை இரண்டும் வேலையிடக் காயத்தோடு தொடர்புடையவைதாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலும் அதன் மருத்துவ அமைப்பிலும் பணியாற்றிய 11,728 பேரின் பதிவுகளைக் கொண்டு 2007-இல் வெளியான ஆய்வில், உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் BMI) 40-உம் அதற்கு மேலும் உள்ளவர்கள், சரியான எடை உள்ளவர்களைப் போல் இரு மடங்கு முறை வேலைக் காயத்துக்காக இழப்பீடு கோரியிருந்தார்கள். அவர்கள் இழந்த வேலை நாட்களோ ஏறத்தாழ 13 மடங்கு. வயதின் கதை வேறு. மூத்தவர்களை அனுபவம் ஓரளவு காக்கிறது; ஆனால் ஒருமுறை இடுப்பு பிடித்துக்கொண்டால், இளையவர்களைவிடத் தாமதமாகவே அவர்கள் பணிக்குத் திரும்புகிறார்கள். ஊழியரை இளைக்கச் சொல்வதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள், தூக்கும் பாரத்தைக் குறைப்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மீது விழும் பாரம் 16 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் (NIOSH) ஆய்வாளரது கணக்கு. 70 கிலோ நோயாளியின் இரண்டு கால்களைச் சேர்த்துத் தூக்கினாலே அது தாண்டிவிடும்.

அந்தப் பாரத்தை லிஃப்டர் உண்மையாகவே ஏற்றுக்கொள்கிறது. முன்பு நான்கு பேர் சேர்ந்து கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றியவரை இப்போது இரண்டு பேர், குனியாமல், மாற்றிவிடுகிறார்கள். பம்புக் கைப்பிடி இலகுவாக இருக்கிறது.

குறை அடிப்பகுதியில் இருக்கிறது. லிஃப்டரின் சக்கரக் கால்களை விரிக்கும் பெடல் மிகவும் இறுக்கம். மூட்டு வலியுள்ள, எடை கூடிய ஒருவர் ஒற்றைக் காலில் நின்று அதை மிதிக்கும்போது தடுமாறுகிறார். டியூக் ஆய்விலும் காயத்துக்கான முக்கியக் காரணங்களாகத் தூக்குவதோடு வழுக்கி விழுவதும் இருந்ததை இங்கே மறக்க முடியவில்லை. பழைய கட்டில்களின் அடியில் உள்ள, கட்டிலைச் சுழற்றி உயர்த்தும் கிராங்க் அமைப்பு லிஃப்டரின் கால்களைத் தடுக்கிறது. மேலும், நோயாளியைத் தாங்கும் துணியான ஸ்லிங்கை முதுகுக்கு அடியில் நுழைக்க நோயாளியைக் கையால்தான் புரட்ட வேண்டும் என்பதால், நோயாளியை நகர்த்த அடியில் விரிக்கும் பருத்தி டிரா ஷீட் உராய்வதைப் போலன்றி, உராயாமல் வழுக்கும் துணி ஒன்றும் கூடவே தேவைப்படுகிறது; இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. செயல்முறை விளக்கம் தர வந்தவர் ஏற்றி இறக்கிக் காட்டியதோடு கிளம்பிவிட்டார்.

குறைகள் இருந்தும் வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் கேட்டலாக்கை நம்பாமல், கருவியை வார்டுக்கே வரவழைத்து, உங்கள் கட்டிலுக்கு அடியில் அது நுழைகிறதா என்று பாருங்கள். பெடலை மேலாளர் மிதித்துப் பார்ப்பதைவிட, அங்கே வேலை செய்யும் மூத்த ஆயாவையே மிதிக்கச் சொல்லுங்கள். ஒன்று சலவைக்குப் போயிருக்கும்போது மீண்டும் கையால் தூக்க நேராமலிருக்க, ஸ்லிங் இரண்டாகவே வாங்குங்கள்.