கல்லடியில் நாள் வாடகை வீடு: தனிக் குசினி தேவைப்படுவோருக்கு

லண்டனில் இருந்து தங்கச்சி குடும்பம் வந்தபோது, மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் இந்த வீட்டை எடுத்தோம். இரண்டு அறை, ஒரு ஹோல், தனிக் குசினி. நாளுக்கு 9,500 ரூபா. ஒரு கிழமைக்கு மேல் நின்றால் குறைத்துத் தருகிறார்கள்.

"சொந்த வீடு இருக்க ஏன் வாடகை?" என்று எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. மட்டக்களப்பில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தங்கச்சிக்கென்று அப்பா கட்டிய சீதன வீடும் இருக்கிறது. அதில் இப்போது அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். ஆனால் அவள் யூத சமயத்துக்கு மாறி, அவர்களுடைய மத நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் கல்யாணம் செய்தாள். கோஷர், அதாவது யூத சமய விதிப்படியான சாப்பாடு மட்டும்தான். நண்டும் இறாலும் வெந்த சட்டியில் அவளுக்குச் சமைக்க முடியாது. அதுவும் மண்சட்டி என்றால் எப்படிக் கழுவினாலும் சரிவராது. மண் உள்ளே இழுத்தது வெளியே போகாது என்பது அவர்கள் சட்டம். அம்மாவின் குசினியில் பாதிக்கு மேல் மண்சட்டி. முந்தி வந்தபோது பழமும், பேப்பர் கோப்பையில் பிளேன்ரீயுமாக இருந்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகும் அம்மா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால் குசினியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். விஷயத்தைச் சொன்னவுடன் வீட்டுக்கார அன்ரி தன் சட்டி பானை, கரண்டி எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டார். ஃபிரிட்ஜைக் கழுவி வெறுமையாகத் தந்தார். நாங்கள் புது கேஸ் அடுப்பு வைக்கவும் விட்டார். புதிதாக வாங்கும் சில்வர் சட்டிகளையும் கண்ணாடிக் கோப்பைகளையும் பாவிக்க முன் இயற்கை நீரில் முழுக்கி எடுக்க வேண்டும். அதற்குக் கடல் போதும், ஒழுங்கை முடிவிலேயே கடல். தங்கச்சியும் அவள் கணவரும் ஒவ்வொன்றாக முக்கி எடுத்ததை மீன்காரர்கள் நின்று பார்த்தார்கள். புது மண்சட்டிக்கு அந்த முழுக்கும் வேண்டாம் என்றதும் அம்மாவே சந்தைக்குப் போய் நாலு சட்டி வாங்கி வந்தார்.

வேறு ஆட்கள் தனியாகச் சமைத்ததை அவள் சாப்பிட மாட்டாள். ஆனால் அவர்கள் வழக்கப்படி அடுப்பை ஒரு யூதர் பற்றவைத்தால் போதும். சரி, தங்கச்சி பற்றவைத்தாள், அம்மா சமைத்தார். செதிலோடு முழுதாக வாங்கிய கொடுவா மீனை அவள் கத்தியால் வெட்டி, தேங்காய்ப்பால் விட்டுச் சொதி. அம்மம்மா கையால் சின்னவன் சாப்பிட்ட முதல் சோறு அதுதான். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

யூதர் என்பது தாய்வழி வருவது என்று தங்கச்சி சொல்ல, "நம்மட குடியும் அப்படித்தானே" என்றார் அம்மா. குடி என்பது எங்கள் ஊரில் தாய்வழி வரும் குலம். அப்பாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. சமயம் மாறியவளை அவர்கள் சடங்குகளில் ஆபிரகாமின் மகள் என்றுதான் அழைப்பார்கள், அப்பாவின் பெயர் அங்கே வராது. அதை எந்த வீடும் தீர்க்காது.

வெள்ளிக்கிழமை சூரியன் மறையச் சற்று முன் தொடங்கி, சனி நன்றாக இருட்டும் வரை அவர்களுடைய ஓய்வு நாள். அப்போது அவர்கள் லைட் போடுவதில்லை, அடுப்பு மூட்டுவதில்லை. வாசலில் ஆள் வந்தால் தானாக எரியும் பல்ப் ஒன்று இருந்தது. அன்ரி வெள்ளி பின்னேரமே அதைக் கழற்றி வைத்தார். இப்படிக் கவனிக்கும் ஆளை நான் வேறெங்கும் காணவில்லை.

குறைகளும் உண்டு. பின்னேரத்தில் தண்ணீர் மெல்லத்தான் வருகிறது. ஓர் அறையில் நுளம்பு வலை கிழிந்திருந்தது, சொல்லியும் மாற்றவில்லை. குசினி ஜன்னல் சின்னது. செத்தல் மிளகாய் தாளித்தால் வீடு முழுக்க இருமல். அடுத்த முறைக்குள் புகை போக ஃபேன் போட்டுத் தருவதாக அன்ரி சொல்லியிருக்கிறார், நாங்களும் இப்போதே சொல்லி வைத்துவிட்டோம். ஆடி, ஆவணியில் வெளிநாட்டுக் குடும்பங்கள் வருவதால் நீங்களும் முன்கூட்டியே கேளுங்கள்.