கிட் லாகில் தேதி: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு நான் வைத்திருக்கும் அமைப்பு

கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி கிட். அதில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட், கமிட்டுகளின் பட்டியல்தான் லாக். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் போட்ட கிட்டின் முதல் கமிட்டை இன்று திறந்தால் 'தர்ஸ் ஏப் 7 15:13:13 2005 -0700' என்று தேதி வரும். கிழமை முதலில், வருடம் நேரத்துக்கும் பின்னால். இன்றைக்கும் இதுதான் டிஃபால்ட். இந்த நீளம் கூடப் பழகிவிடும். கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த -0700 (உலகப் பொது நேரத்துக்கு ஏழு மணி பின்னால் என்ற நேர மண்டலக் குறி) தான் எனக்குத் தொந்தரவு.

கமிட் எழுதியவருடைய ஊர் நேரத்தைத்தான் கிட் காட்டும். எங்கள் டீமில் சிலர் சென்னை, சிலர் கலிஃபோர்னியா. லாகில் வியாழன் 21:40 என்ற கமிட் மேலே இருக்கும், அதற்குக் கீழே வெள்ளி 09:30. வரிசை தப்பில்லை, கோடை நேரத்தில் அங்கே வியாழன் இரவு 21:40 என்றால் நமக்கு வெள்ளி காலை 10:10. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பன்னிரண்டரை மணி நேரத்தை மனசில் கூட்டிக்கொண்டிருந்தால் வேலை எப்படி நடக்கும்?

ரிலேட்டிவ் வடிவத்தில் ரொம்ப நாள் இருந்தேன். 'இரண்டு மணி நேரத்துக்கு முன்' என்று வருவது காலையில் வந்ததும் ஒரு பார்வை பார்க்க அருமை. பழைய கமிட்டுக்குத்தான் ஆகாது. இரண்டு வாரம் தாண்டியதும் நாள் கணக்கு போய் வாரக் கணக்கு வந்துவிடும், அப்புறம் மாதக் கணக்கு. 'வெள்ளி மாலையிலிருந்து பேமெண்ட் போகவில்லை' என்று புகார் வரும்போது 'மூன்று வாரத்துக்கு முன்' என்பதை வைத்து எதைத் தேடுவது? அதை டிக்கெட்டில் ஒட்டினாலோ, அடுத்த வாரம் படிப்பவருக்கு அது பொய்த் தகவல்.

2019-இல் கிட் 2.21 பதிப்போடு வந்த ஹியூமன் வடிவம், தேவையில்லாத பகுதிகளை விட்டுவிட்டுச் சுருக்கமாகக் காட்டும், அழகாக இருக்கும். தனியாக வேலை செய்பவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் வருடம் மாறிய கமிட்டுகளுக்கு அது நேரத்தையே காட்டாது. எனக்கு அந்த நேரம் வேண்டும்.

இப்போது லாக்.டேட் என்ற அமைப்பில் ஃபார்மட்-லோக்கல் போட்டு வருடம், மாதம், நாள், கிழமை, மணி, நிமிடம் என்ற வரிசையில் வைத்திருக்கிறேன். '2024-03-15 ஃப்ரை 10:10' மாதிரி வரும். எல்லாக் கமிட்டும் என் ஊர் நேரத்தில், ஒரே அகலத்தில், நேர்கோட்டில் நிற்கும். கிழமையை விடவே மாட்டேன். வெள்ளி மாலை ரிலீஸ் எது என்று கண் தானாகவே பிடிக்கிறது. இந்த வடிவத்தில் மண்டலக் குறி வராது. அதனால் வேறு ஊர்க்காரர்களுக்கு அனுப்பும்போது மட்டும் ஐஎஸ்ஓ-லோக்கல் என்ற வடிவம். அதில் +0530 கூடவே வந்துவிடும்.

தேதி வடிவத்தால் மட்டும் தீராத விஷயம் ஒன்று உண்டு. லாக் காட்டுவது கமிட்டை எழுதிய தேதி. ரீபேஸ் செய்தால், அதாவது கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்கினால், அந்தத் தேதி அப்படியே நிற்கும், கமிட்டர் தேதிதான் (கமிட் கடைசியாகப் பதிவான தேதி) மாறும். ஆனால் சின்ஸ் (இதிலிருந்து), அன்டில் (இதுவரை) வடிகட்டிகள் பார்ப்பது கமிட்டர் தேதியை. 'நேற்று முதல்' என்று கேட்டால் போன மாதத் தேதியோடு கமிட் வந்து நிற்பது இதனால்தான். ரீபேஸ் அதிகம் நடக்கும் ரெப்போவில் (கோட் களஞ்சியத்தில்) இரண்டு தேதியும் காட்டும் ஃபுல்லர் வடிவத்தையே திறக்கிறேன்.

ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் பிளேம் கட்டளைக்கு பிளேம்.டேட் என்று தனி அமைப்பு உண்டு. லாக்.டேட்டை மாற்றினால் அது மாறாது, அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.