இலவசத் தீமும் இரண்டு வரித் தலைப்பும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சொந்தமாக வலைப்பூ ஒன்றை வடிவமைக்க எண்ணியிருக்கும் நண்பர், கட்டணத் தீம் (வலைப்பூவின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஆயத்த வடிவமைப்பு) ஒன்றின் விலை குறைந்திருப்பதாகச் சொல்லி, அதை வாங்கிவிடலாமா அல்லது நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் இலவசத் தீமே போதுமா என்று கேட்டிருந்தார். என் தீமின் புதிய பதிப்பு நிறுவப்பட்டு, பதிவுகளின் தலைப்பு வரிகள் மறுபடியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்ற வேளையில் அந்தக் கேள்வி வந்தது. நன்றியும் கோபமும் ஒருசேர இருக்கும்போது ஒரு வரியில் பதில் சொன்னால் இரண்டில் ஒன்றுக்கு அநியாயம் செய்ததாகிவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வேர்ட்பிரஸை நிறுவுவது, டொமைனும் ஹோஸ்டிங்கும் வாங்குவது ஆகியவை தெரிந்தவர்களுக்கான பகிர்வு இது.

செலவுக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். வேர்ட்பிரஸ் 2003ஆம் ஆண்டு வெளியான நாளிலிருந்தே ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் அதிகாரப்பூர்வத் தீம் தொகுப்பில் உள்ளவற்றையும் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் கட்டுவதைத் தவிர, தோற்றத்துக்கென்று நான் எதுவும் செலவழித்ததில்லை. நான் தேர்ந்தெடுத்த தீம் இரண்டு பத்தி அமைப்புடைய எளிமையான ஒன்று. தானாக நகரும் படவரிசையோ, கண்ணைப் பறிக்கும் அசைவுகளோ அதில் இல்லை. கைபேசியில் பக்கவாட்டுப் பத்தி கீழே இறங்கிக்கொள்ளும் விதம், படங்கள் சிதையாமல் சுருங்கும் விதம், மெனு திறந்து மூடும் விதம் ஆகிய எல்லாவற்றிலும் அதைச் செய்தவரின் கைநேர்த்தி தெரிகிறது. மிக மலிவான ஹோஸ்டிங் திட்டத்திலும் பக்கம் சட்டென்று திறக்கிறது. படங்களை ஏற்றுவதற்கு முன் 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி என்ற எடை குறைவான படக்கோப்பு வடிவில் சேமித்துக்கொண்டால், பல மெகாபைட் எடையுள்ள கைபேசிப் படம் நூறு, நூற்றைம்பது கிலோபைட்டுக்கு வந்துவிடுகிறது. வெப்பி படங்களை நேரடியாக ஏற்றும் வசதி வேர்ட்பிரஸின் 5.8 பதிப்பில், 2021இல் வந்தது. திரையை நெருங்கும்போது மட்டும் படத்தை இறக்கும் வசதி அதற்கும் முந்தைய ஆண்டு, 5.5 பதிப்பிலேயே வந்துவிட்டது. இவற்றுக்கென்று தனிச் செருகுநிரல் தேட வேண்டிய அவசியமே எனக்கு ஏற்படவில்லை.

இத்தனையும் சரியாக இருக்கும் தீமில், இன்றுவரை என்னை விடாமல் துரத்துவது தலைப்பின் வரி இடைவெளிதான்.

அந்தத் தீமில் பதிவுத் தலைப்பின் எழுத்தளவு 40 பிக்சல், வரி உயரம் 1.1 மடங்கு. அதாவது ஒரு வரிக்குக் கிடைக்கும் இடம் 44 பிக்சல். ஆங்கிலத் தலைப்புக்கு இது அழகான நெருக்கம். எழுத்துகளின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருப்பவை குறைவு என்பதால் இரண்டு வரிகள் ஒரே கட்டாகத் தெரியும். தமிழில் அப்படி இல்லை. ‘பழுது பார்க்கும் வீட்டுக் கருவிகள்’ என்று ஒரு பதிவுக்குத் தலைப்பிட்டிருந்தேன். அது கைபேசித் திரையில் ‘பழுது பார்க்கும்’ என்று ஒரு வரியாகவும், ‘வீட்டுக் கருவிகள்’ என்று மறு வரியாகவும் மடிந்தது. மேல் வரியில் உள்ள ழு, து ஆகியவற்றின் கால்கள் கீழே இறங்குகின்றன. கீழ் வரியில் வீயின் சுழியும் ட், க் ஆகியவற்றின் புள்ளிகளும் மேலே எழுகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் புள்ளி, ழுவின் காலுக்குள் ஒளிந்துகொண்டது. படிப்பவர் கண்ணுக்கு அது ‘வீடடுக் கருவிகள்’. கவனமில்லாமல் பிழையோடு தலைப்பிட்டிருக்கிறார் என்றுதானே எவரும் நினைப்பார்? எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவதற்காக ஒவ்வொரு பதிவையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் எனக்கு, சரியாகத் தட்டெழுதிய சொல்லைத் தீமே பிழையாகக் காட்டுவது பொறுக்க முடியாததாக இருந்தது.

தீர்வு என்னவோ எளிதுதான். பக்கத்தின் தோற்ற விதிகளை எழுதும் கூடுதல் சிஎஸ்எஸ் என்ற பெட்டியில் தலைப்புக்கான வரி உயரத்தை 1.45 என்று எழுதினால் 44 பிக்சல் 58 ஆகிறது, புள்ளிகள் மூச்சுவிடுகின்றன. பதிவின் உடலுக்கு 1.75 வரை வைத்துக்கொண்டால் நீண்ட கட்டுரையும் களைப்பில்லாமல் படிக்க முடிகிறது. தீமின் கோப்புகளில் கை வைக்காமல் இந்தப் பெட்டியிலோ, மூலத் தீமைச் சார்ந்து தனியே இயங்கும் சைல்ட் தீமிலோ எழுதுவதால், புதிய பதிப்பு வரும்போது நாம் எழுதியது அழிவதும் இல்லை. என் சிக்கல் வேறு விதமானது. நான் எழுதிய விதி அப்படியே இருக்கும். ஆனால் தீமை உருவாக்கியவர்கள் பெரிய பதிப்பு ஒவ்வொன்றிலும் தலைப்புக்கான வகைப்பெயரை (சிஎஸ்எஸ் விதி எதற்குப் பொருந்தும் என்று காட்டும் பெயரை) மாற்றிவிடுகிறார்கள். அந்த விதி, இல்லாத ஒன்றின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கும். முகப்பில் ஒரு பெயர், தனிப் பதிவில் ஒரு பெயர், தொடர்புடைய பதிவுகள் பகுதியில் இன்னொரு பெயர் என்று மூன்று இடங்களிலும் தேடிப் பிடித்து மறுபடி எழுத வேண்டும். மாற்றக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. இலவசமாகத் தருகிறவர்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்ற கேள்வி நியாயமானதுதான். அதே நேரம், பெயர் மாற்றத்தை ஒரு வரியில் அறிவிப்பதற்குப் பணம் எதுவும் தேவையில்லையே.

இதே தீம் எனக்குத் தந்த பெரிய மகிழ்ச்சியும் எழுத்து சார்ந்ததுதான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதன் அமைப்புகளில் சொந்த எழுத்துருவை ஏற்றிக்கொள்ள ஒரு வசதி இருந்தது. (வேர்ட்பிரஸிலேயே இதற்கான எழுத்துரு நூலகம் 2024இல், 6.5 பதிப்பில்தான் வந்தது.) தமிழ் வலைப்பூ நடத்துபவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: தீமோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், உலாவி படிப்பவரின் கருவியிலுள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது நிர்மலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம். நாம் ஒரு திரையில் பார்த்துப் பார்த்து ஒழுங்குசெய்த பக்கம், அடுத்தவர் திரையில் வேறு முகத்தோடு நிற்கும். அதிலும் எண்களும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் தீமின் எழுத்துருவிலும், தமிழ் மட்டும் கருவியின் எழுத்துருவிலும் வருவதால், ஒரே வரியில் ஒன்று மெலிந்தும் ஒன்று தடித்தும் தெரியும். பக்கம் ஏன் அரைகுறையாகத் தோன்றுகிறது என்று தெரியாமல் நிறத்தையும் படத்தையும் மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

உடல் பகுதிக்கு முக்தா மலர், தலைப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ் என்று இரண்டை ஏற்றினேன். இவை எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. நம் சொந்த ஹோஸ்டிங்கிலேயே கோப்பை வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. முக்தா மலரில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஏழு எடைகள் உண்டு. ஆனால் எனக்குச் சாதாரணமும் தடிப்பும் மட்டுமே போதும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் என்ற எழுத்துருவையும் சில காலம் வைத்திருந்தேன். குறுந்தலைப்புகளுக்கு அது மிடுக்காக இருக்கிறது, நீண்ட கட்டுரைக்கு என் கண்ணுக்கு ஒத்துவரவில்லை. இணையத்துக்கான வோஃப்2 வடிவில் சுருக்கிய எழுத்துருக் கோப்பு, பதிவில் இடும் ஓர் ஒளிப்படத்தைவிடச் சிறியது. எழுத்துருவை ஏற்றிய அன்று பக்கத்தைத் திறந்தபோது, வேறு எதையும் மாற்றாமலேயே அது ஒரு நல்ல அச்சகத்தில் அச்சான இதழைப் போல எழுந்து நின்றது. தமிழும் எண்களும் ஒரே குடும்பத்து எழுத்தாக வரிசையில் அமர்ந்திருந்தன. எந்தக் கட்டண வடிவமைப்பும் இந்த நிறைவைத் தந்திருக்காது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

அதன்பிறகு சரிசெய்தவை சிறியவை. ஆனாலும் ஒவ்வொன்றும் கண்ணில் படும். மேற்கோள்களை இந்தத் தீம் சாய்வெழுத்தில் காட்டுகிறது. தமிழ் எழுத்துருக்களில் பொதுவாகச் சாய்வு வடிவம் கிடையாது என்பதால், உலாவி நேர் எழுத்தை இயந்திரத்தனமாகச் சரித்துவிடும். பார்க்கவே வருத்தமாக இருக்கும். சாய்வை நீக்கிவிட்டு இடப்பக்கம் ஒரு வண்ணக் கோடு மட்டும் போட்டேன். தலைப்பு எழுத்துகளை நெருக்கிக் காட்டும் விதியைச் சுழியமாக்கினேன். இருபக்கமும் சமமாக நீட்டும் அமைப்பையும் கைவிட்டேன். தமிழ்ச் சொற்களின் நீளத்துக்குக் கைபேசியின் குறுகிய வரியில் இருபக்கமும் சமமாக்கினால் சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளங்கள்தான் விழும்.

பதிவின் முதல் எழுத்தைப் பெரிதாகக் காட்டும் அலங்காரம் ஒன்றும் அதில் உண்டு. ‘கொ’ என்று தொடங்கும் பத்தியில் அதை இயக்கினேன். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறிமுறையான யுனிகோடில் ‘கொ’ என்பது க என்ற எழுத்தும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு இடங்கள். தீமின் நிரல் முதல் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால், பெரிய ‘க’ தனியே நின்றது. உயிர்க்குறி அடுத்த வரிசையில் புள்ளி வட்டத்தோடு அநாதையாக நின்றது. அந்த அலங்காரத்தை அன்றே அணைத்துவிட்டேன். முகப்பில் பதிவுச் சுருக்கம் வெட்டப்படும் இடத்திலும் இதே அறியாமைதான். அந்தக் குறிகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். தீம் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி வெட்டுவதால், சில சுருக்கங்கள் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரத்தில் முடிந்தன. சுருக்கத்தை ஒவ்வொரு பதிவுக்கும் கையால் எழுதத் தொடங்கியபின் அந்தத் தொல்லை தீர்ந்ததோடு, முகப்பும் முன்பைவிடப் படிக்கத் தகுந்ததாகிவிட்டது.

பதிவின் முகவரியையும் தோற்றத்தின் பகுதியாகவே கருதுகிறேன். தமிழில் விட்டுவிட்டால் ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடங்கள் என்பதால், புள்ளியும் உயிர்க்குறியும் உட்பட 22 குறிகளுக்குமேல் நுழையாது. தலைப்பு பாதியில் அறுபட்டு, பகிரும் இடத்தில் நீண்ட குப்பையாகத் தெரியும். சுருக்கமான ஆங்கில எழுத்து முகவரியைக் கையால் இடுவதே சரி.

நிறத்தில் நான் அதிகம் மெனக்கெடவில்லை. வெள்ளைக்கு மிக அருகிலான பின்னணி, அடர்ந்த எழுத்து, இணைப்புகளுக்கு ஒரே ஒரு வண்ணம். தீமின் இயல்பான சாம்பல் எழுத்தை மட்டும் கருமையாக்கினேன். உடல் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 மாறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை நெறிமுறைகளின் அளவு, வயதான வாசகர்களை நினைத்தால் அதற்கும் மேலேயே இருக்கட்டும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கட்டணத் தீமின் மாதிரிப் பக்கங்கள் அழகாக இருப்பதற்குப் பெரும் காரணம், தேர்ந்த ஒளிப்படக்காரர்கள் எடுத்த படங்களும் மூன்று சொல் ஆங்கிலத் தலைப்புகளும். அந்தப் படங்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை. தலைப்பும் நமக்குப் பயனில்லை. விலை குறைந்தாலும் கூடினாலும், அந்தத் தீமும் பெரும்பாலும் லத்தீன் எழுத்தை மனதில் வைத்தே அளக்கப்பட்டிருக்கும். ஆகவே பணம் கட்டும் முன் மாதிரிப் பக்கத்தைக் கணினி உலாவியில் திறந்து, ஆய்வுக் கருவியில் தலைப்பின் மேல் சொடுக்கி, அந்த இடத்தில் உங்கள் தமிழ்த் தலைப்பை ஒட்டிப் பாருங்கள். சாளரத்தைக் கைபேசி அகலத்துக்குச் சுருக்கி, அது இரண்டு வரியாக மடியும்போது புள்ளிகள் பிழைக்கின்றனவா என்று பாருங்கள். ‘பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு’ போன்ற ஒரு சொல்லையும் போட்டு, அது திரையைத் தாண்டி வெளியே ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். எழுத்துரு, வரி உயரம், சாய்வு ஆகிய மூன்றையும் அமைப்புப் பக்கத்திலேயே மாற்ற முடிகிறதென்றால் மட்டும் அந்தத் தீமுக்குக் காசு கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் இல்லையென்றால் வேர்ட்பிரஸோடு இலவசமாக வரும் இயல்புத் தீம் ஒன்றில் நல்ல தமிழ் எழுத்துருவை ஏற்றிக்கொண்டு தொடங்குங்கள் என்பதுதான் என் பரிந்துரை.

நான் வைத்திருக்கும் தீமுக்கு இன்றைய நிலையில் ஐந்தில் இரண்டுதான் தருவேன். மேலே எழுதியுள்ள பாராட்டுகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் நான்கு வரவேண்டும் என்பது எனக்கே தெரிகிறது. ஆனாலும், வாசகர் முதலில் பார்க்கும் தலைப்பில் புள்ளியை விழுங்கிவிட்டு, அதைத் திருத்தும் வழியையும் சொல்லாமல் மாற்றிக்கொண்டே இருக்கும் ஒன்றைத் தமிழில் எழுதுபவருக்குப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. அதே சமயம் நான் அதை விட்டு மாறுவதாகவும் இல்லை. மூன்று புதிய வகைப்பெயர்களையும் கண்டுபிடித்து விதியைத் திருத்தி எழுதிவிட்டேன், பழைய பதிவுகள் எல்லாம் இப்போது சரியாகத் தெரிகின்றன. இவ்வளவு இலகுவாகவும் வேகமாகவும் திறக்கும் வேறொரு தீம் இதுவரை என் கண்ணில் படவில்லை.