பட்டா நிலமா, புறம்போக்கு ஏலமா? கல்குவாரி அனுமதிக்கு எந்த வழி?

தமிழ்நாட்டில் ஜல்லிக்கான சாதாரணக் கல் வெட்டி எடுக்க இரண்டு வழிகள் உண்டு. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 19-ஆவது விதி பட்டா நிலத்துக்கு. 8-ஆவது விதி, அரசு நிலத்தை டெண்டர், ஏலம் மூலம் குத்தகைக்கு எடுப்பதற்கு. பட்டாதான் சுலபம் என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன்.

பட்டாவில் போட்டியில்லை என்பது உண்மைதான். சொந்த நிலமோ, உரிமையாளரின் சம்மதக் கடிதமோ இருந்தால் ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் முதல் கோட்டாட்சியர் வரை அறிக்கை தருவார்கள், கனிமவளத் துறையினர் நிலத்தைப் பார்ப்பார்கள். பிறகு சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, அதன்பின் குத்தகைப் பத்திரம். சொந்த நிலத்துக் கல்லுக்கும் சீனியரேஜ் (எடுக்கும் கல்லுக்கு அரசுக்குத் தரும் கட்டணம்) கட்டித்தான் நடைச்சீட்டு, அதாவது கல்லை வண்டியில் ஏற்றிச் செல்லும் அனுமதிச்சீட்டு, வாங்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது நிலத்தின் அகலத்தில். 60 மீட்டர் அகலமும் 200 மீட்டர் நீளமும் உள்ள மூன்று ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பட்டாக்களுக்காகச் சுற்றிலும் 7.5 மீட்டர் விட வேண்டும். மிச்சம் 45 மீட்டர் அகலம். சுவர் சரியாமல் இருக்க 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று படிக்கட்டுபோல வெட்டினால் ஒவ்வொரு படிக்கும் 10 மீட்டர் குறைந்து, நான்காவது படியில் 15 மீட்டர்தான் இருக்கும். 20 மீட்டர் ஆழத்தில் 2,40,000 கனமீட்டர் கல் இருக்கிறது என்று கணக்குப் போட்டவருக்குச் சுமார் 1,04,500 கனமீட்டர்தான் கிடைக்கும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டப் படிகளையும் வெட்டித் தின்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2022 மே மாதம் நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து 4 பேர் இறந்தார்கள். படிகளை வீண் என்று நினைப்பவர்கள் அந்த இரவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரசு நிலத்தில் இடத்தை அதிகாரிகளே தேர்ந்து, அளந்து, மாவட்ட அரசிதழில் அறிவிக்கிறார்கள். நிலத்தகராறு குறைவு. ஆனால் ஏலத்தொகையும் கொடுத்து, எடுக்கும் கல்லுக்குச் சீனியரேஜும் கட்ட வேண்டும். அரசே ஏலம் விட்ட இடம் என்பதால் சுற்றுச்சூழல் அனுமதி தானாக வந்துவிடாது. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் அது கட்டாயம். அது கிடைக்கும்வரை கட்டிய பணம் முடங்கிக் கிடக்கும், வட்டி மட்டும் ஓடும்.

இரண்டு வழிகளுக்கும் உண்மையான சோதனை 500 மீட்டர் வட்டம்தான். உங்கள் குவாரியைச் சுற்றி அதற்குள் உள்ள மற்ற குவாரிகளையும் சேர்த்துப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கணக்காகும். தாண்டாத சிறு குவாரிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. தாண்டினால், ஒன்றரை ஏக்கர் குவாரியானாலும் ஒரு பருவம் முழுக்கக் காற்று, நீர், ஒலி அளவுகளை எடுத்து, அறிக்கை தயாரித்து, 30 நாள் அறிவிப்புக் கொடுத்து, ஊர் மக்கள் முன் உட்கார வேண்டும். பக்கத்து நிலத்துக்காரருக்கு முன்பே குத்தகை கிடைத்ததால் உங்கள் பட்டா இந்தப் பாதைக்குத் தள்ளப்படலாம். ஒரே மலையைப் பங்கு போட்டு ஏலம் விடும் இடங்களில் இது இன்னும் சாதாரணம்.

இந்தப் பாதை நீளமானது என்று சலித்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் போயிருந்த ஒரு கருத்துக்கேட்பில், வீட்டுச் சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தார் ஒரு பாட்டி. 300 மீட்டருக்குள் குடியிருப்புப் பகுதி இருக்கக் கூடாது என்பது விதி. கோப்பிலிருந்த சான்றில் அவருடைய தெருவே இல்லை. கூட்டம் நடக்காமல் இருந்திருந்தால் அந்தத் தாளைத்தான் எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

அகலமான நிலம், சுற்றிலும் 500 மீட்டருக்கு வேறு குவாரியில்லை, குடியிருப்பு எட்டத்தில் என்றால் பட்டாவுக்கே போங்கள். நிலம் நாடா போல ஒடுங்கியிருந்தால் பணத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஏலத்துக்குக் காத்திருப்பதே மேல். ஆனால் அறிவிப்பில் சர்வே எண்ணைப் பார்த்த அன்றே கிராம வரைபடத்தோடு அந்த மலையைச் சுற்றி நடந்து, குவாரிகளையும் கூரைகளையும் எண்ணிவிட்டு வாருங்கள். தொகையை எழுதுவது அதற்குப் பிறகுதான்.