ஓஎஸ்/2 வார்ப்: பழைய 486-லா, லேப்டாப்பிலா?

ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து உருவாக்கி 1987-இல் வெளிவந்த இயங்குதளம் ஓஎஸ்/2. அதன் வார்ப் 3 பதிப்பு வந்தது 1994-இல். அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் மதுரைக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: 486 சிப் உள்ள பழைய கம்ப்யூட்டரைத் தேடலாமா, லேப்டாப்புக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் ஓட்டிக் காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் போதுமா?

செலவு: விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். 486-க்கு டவுன்ஹால் ரோடு, பழைய சாமான் கடை என்று அலைய வேண்டும். கிடைத்தாலும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் தரும் பெட்டி), பேட்டரி மாற்றும் செலவு தனி.

நிறுவுதல்: வார்ப்பை நிறுவும் பிளாப்பி வட்டுகள் லேப்டாப்பில் வெறும் கோப்புகள். 486-இல் நிஜ பிளாப்பிகள். ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தாலும் வேலை நின்றுவிடும்.

கரண்ட்: லேப்டாப்புக்குக் கவலையில்லை. 486 பாதியில் அணைந்தால், அடுத்த முறை வட்டைச் சரிபார்த்த பிறகே மேலே போகும். யுபிஎஸ் கட்டாயம்.

அனுபவம்: இங்கேதான் 486 ஜெயிக்கிறது. விண்டோஸ் 3.1-இல் ஒரு நிரல் தானாக வழிவிட்டால்தான் இன்னொன்று நகரும். ஓஎஸ்/2-இல் இயங்குதளமே நேரத்தைப் பங்கு போடும். பிளாப்பி கரகரவென்று ஃபார்மேட் ஆகும்போதே எடிட்டரில் தட்டச்சு செய்துகொண்டே இருக்கலாம். அந்த மெதுவான இயந்திரத்தில் அதைப் பார்க்கும்போதுதான் அன்றைய சாதனை உறைக்கும். லேப்டாப்பில் எல்லாமே வேகம் என்பதால் வித்தியாசமே தெரியாது.

வார்ப்பின் முகத்தைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸ். பல்பணி, அதாவது பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடுவது, எப்படி நடக்கிறது என்று படிக்கும் மாணவர்கள், பொறுமை இருந்தால், 486-ஐயே தேடுங்கள். 4 எம்பி நினைவகத்தில் ஓடும்தான். 8 இருந்தால் நிம்மதி.